பிக்கப் வண்டிக்குச் சைடு ஸ்டெப்: அளப்பது முதல் மாட்டுவது வரை

பிக்கப் வாங்கிய வீட்டில் முதல் வாரத்திலேயே ஒரு புகார் எழும். ஓட்டுகிறவர் உயரமான இருக்கையில் உட்கார்ந்து மகிழ்ந்துகொண்டிருப்பார். பின்கதவருகே நிற்கும் அம்மாவோ எந்தக் காலை முதலில் தூக்கி வைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பார். நம் நாட்டில் நெடுங்காலம் பிக்கப் என்றால் சரக்கு வண்டி. 2016-இல் இசுசூ வி-கிராஸும் 2022-இல் டொயோட்டா ஹைலக்ஸும் வந்தபின் அதே உடல்வாகு கொண்ட வண்டியில் குடும்பம் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகத் தொடங்கியது. வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸியின் உயரம் குறையவில்லை. ஏறுகிறவர்களின் வயதுதான் கூடியது.

சில வண்டிகள் சைடு ஸ்டெப்புடனேயே, அதாவது கதவுக்கு அடியில் கால் வைத்து ஏறும் படியோடேயே வருகின்றன. சிலவற்றில் வரும் படி பெயருக்கு ஒரு குழாய். மழையில் வழுக்கும், பாதம் பாதிதான் நிற்கும். அப்போதுதான் அக்ஸசரீஸ் கடையின் பக்கம் கால் போகிறது. அங்கே வரிசையாகத் தொங்குபவை எல்லாம் ஒன்றைப் போலவே மின்னும். அந்த மினுமினுப்பை வைத்துத்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். என் கருத்தில் குழாய்க்குக் கடைசி இடம். யார் ஏறப்போகிறார் என்பது முதல் கேள்வி. எந்த உயரம் வேண்டும் என்பது இரண்டாவது. வண்டிக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் படியைத் தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட் எப்படிப்பட்டது என்பது மூன்றாவது. இந்த வரிசையில் போனால் வாங்கவேண்டிய பொருள் தானாகத் தெரிந்துவிடும்.

யாருடைய கால்?

வண்டியில் வாரம் முழுவதும் யார் ஏறி இறங்குகிறார்கள் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். ஆறடி உயரமுள்ள ஒருவர் தனியாகத் தோட்டத்துக்குப் போய்வருகிறார் என்றால் அவருக்குப் படி தேவையே இல்லை. தேவையில்லாதது மட்டுமல்ல, தொல்லையும்கூட. காலை நேராகத் தரையில் ஊன்றி இறங்குகிறவரின் கால்சட்டையில் கெண்டைக்கால் பக்கம் படியின் சேறு முழுவதும் ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் இது தினசரி வேதனை. அவர் அந்தப் பணத்துக்கு நல்ல மட்ஃபிளாப் வாங்கிப் போடலாம்.

முதியவர்கள், குழந்தைகள், முழங்கால் வலி உள்ளவர்கள், சேலையோ வேட்டியோ கட்டுகிறவர்கள் அடிக்கடி ஏறினால் கதை வேறு. சேலை கட்டியவரால் காலை ஓரளவுக்கு மேல் அகட்டவோ உயர்த்தவோ முடியாது. அவருக்குப் படி தாழ்வாகவும் தட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். விளிம்பில் துணி மாட்டும் கூர்முனை எதுவும் இருக்கக் கூடாது. படியின் முனையில் பிளாஸ்டிக் மூடி கழன்று, குழாயின் வெட்டுவாய் வெளியே தெரியும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். சேலைக் கரை கிழிவதும் கணுக்கால் கீறுவதும் அங்கேதான்.

மூன்றாவது வகை மேற்கூரைக் கேரியரில் பொருள் கட்டுகிறவர்கள். இவர்கள் படியின் மீது நின்றுகொண்டே வேலை செய்வார்கள். ஏறி இறங்கும் ஒரு நொடி வேறு, ஐந்து நிமிடம் எடை தாங்குவது வேறு. இப்படிப் பயன்படுத்துவீர்கள் என்றால் பிராக்கெட் பற்றிய பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

செங்கல்லை வைத்து உயரம் கண்டுபிடிப்பது

சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும். கதவைத் திறந்து, தரையிலிருந்து கதவு வாசலின் அடிவிளிம்பு வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முன்கதவு, பின்கதவு இரண்டையும் அளக்க வேண்டும். பிக்கப்பின் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கின் மீது நிற்பதால் காலி வண்டியில் வால் தூக்கி இருக்கும். சரக்கு ஏற்றினால் தாழும். அதனால் இரண்டு கதவுக்கும் உயரம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இனி, அதிகம் ஏறப்போகிறவரை அழையுங்கள். கதவருகே செங்கல்லையோ சிமெண்ட் கல்லையோ ஆடாமல் அடுக்குங்கள். ஒருவர் கைபிடித்துக்கொள்ள, அவர் அதன் மீது கால் வைத்து வண்டிக்குள் ஏறட்டும், திரும்ப இறங்கட்டும். ஒரு கல் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். முகம் சுளிக்காமல் ஏறும் உயரம் எது என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அந்த அளவை எழுதிக்கொள்ளுங்கள். கடையில் கேட்க வேண்டிய முதல் எண் அதுதான். எந்த விளம்பரத் தாளும் உங்கள் அம்மாவின் முழங்காலுக்கான உயரத்தைச் சொல்லாது.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம் என்பதையும் இந்தச் சோதனை காட்டிவிடும். ஏறும்போது படி கண்ணுக்குத் தெரிகிறது, கையில் கைப்பிடி இருக்கிறது. இறங்கும்போது கால் தடவித் தேடுகிறது. படி கதவு வாசலுக்கு உள்ளே ஒடுங்கி இருந்தால் குதிகால் அதன் விளிம்பைத் தவறவிட்டுவிடும். எனவே உயரத்தோடு இன்னொரு அளவையும் எடுங்கள். கதவு வாசலின் வெளிவிளிம்பிலிருந்து ஒரு நூலில் சிறு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். அந்த நூலுக்கு வெளியே படியின் எவ்வளவு அகலம் நீட்டியிருக்கிறதோ அதுவே உண்மையில் பாதத்துக்குக் கிடைக்கும் இடம். கடைக்காரர் ஆறு அங்குலப் படி என்பார். அதில் மூன்று அங்குலம் வண்டிக்கு அடியில் ஒளிந்திருந்தால் உங்களுக்குக் கிடைப்பது மூன்றுதான். நூலுக்கு வெளியே குறைந்தது பத்து செ.மீ. வேண்டும் என்பது என் அளவுகோல். அதே சமயம் சக்கரத்தின் வெளிப்பக்கத்தைத் தாண்டிப் படி நீளக் கூடாது. குறுகிய தெருவில் முதலில் அடிபடுவது அதுவாகத்தான் இருக்கும்.

படியைத் தாழ்த்தத் தாழ்த்த இன்னொரு விலை கொடுக்க வேண்டும். வண்டியின் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி என்று கம்பெனி சொல்லும் எண் பொதுவாகப் பின் அச்சின் நடுவே உள்ள டிஃபரன்ஷியலுக்கு அடியில் அளந்தது. அது சக்கரங்களோடு சேர்ந்து ஏறி இறங்கிவிடும். நடு உடலின் கதை அப்படியல்ல. வி-கிராஸிலும் ஹைலக்ஸிலும் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே மூன்று மீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். வரப்பையோ வாய்க்கால் கரையையோ தாண்டும்போது முன்சக்கரம் இறங்கிவிட, பின்சக்கரம் இன்னும் ஏறாமல் இருக்கையில், மேடு தொடுவது சரியாகப் படி இருக்கும் இடத்தை. படியின் அடிப்பகுதி சேஸி இரும்பின் அடிமட்டத்தைவிட மிகவும் கீழே இறங்கக் கூடாது என்பது அதனால்தான். தார்ச்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு இது பெரிய கவலையில்லை. வால்பாறை எஸ்டேட் பாதைகளிலோ கரும்புக் காட்டிலோ ஓடும் வண்டிக்கு இதுதான் முதல் கவலை.

சந்தையில் உள்ள வகைகள்

உருண்டைக் குழாய்ப் படி எங்கும் கிடைக்கும், விலை குறைவு, எடை குறைவு. குழாயின் மீது கதவுக்கு நேராக ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருக்கும். அந்தப் பட்டைக்கு வெளியே கால் வைத்தால், ஈரத்தில் வழுக்காமல் இருக்க வாய்ப்பே இல்லை. பட்டையின் நீளத்தையும் அது இரண்டு கதவுகளுக்கும் நேராக வருகிறதா என்பதையும் பாருங்கள். முட்டைவடிவக் குழாய் இதைவிடச் சற்று நல்லது. மேல்பரப்பு கொஞ்சம் தட்டை.

பலகைபோல் நீளமான தட்டைப் படி, வீட்டில் முதியவர்கள் இருந்தால் நான் பரிந்துரைப்பது. முன்கதவு முதல் பின்கதவு வரை எங்கே கால் வைத்தாலும் இடமுண்டு. அலுமினியத்தில் வரிவரியாகவோ துளையிட்டு விளிம்பை மேலே பிதுக்கியோ செய்த பரப்பு ஈரத்திலும் பிடிக்கும்; சேறும் துளை வழியே கீழே விழுந்துவிடும். மேலே வழவழப்பான பிளாஸ்டிக் போர்த்தியவை கடையில் அழகு, ஐப்பசி மழையில் ஆபத்து. வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரு குவளைத் தண்ணீர் கேட்டு வாங்கி அதன் மீது ஊற்றி, செருப்புக் காலால் தேய்த்துப் பாருங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனியாக வளையம்போல் கீழே தொங்கும் படிகள் உண்டு. உயரம் கூட்டிய வண்டிக்கு அவை உதவும். ஆனால் கல்லிலும் வரப்பிலும் முதலில் மாட்டுவதும் அவையே.

ராக் ஸ்லைடர் என்பது படிபோலத் தெரிந்தாலும் படியல்ல. பாறை மீது வண்டியின் பக்கவாட்டு விழுந்தால் வண்டியின் எடையையே தாங்கி, உடல் தகடு நசுங்காமல் காப்பது அதன் வேலை. தடித்த குழாயால் செய்து சேஸியோடு பிணைப்பார்கள். தகுந்த ஸ்லைடரில் ஹை-லிஃப்ட் ஜாக்கை வைத்து வண்டியைத் தூக்கலாம். சாதாரணப் படியில் ஜாக் வைத்தால் படி வளையும், வண்டி சரியும், அடியில் இருப்பவர் உயிருக்கே ஆபத்து. பார்க்க ஸ்லைடர்போல் செய்த வெறும் படிகளும் சந்தையில் உண்டு. ஜாக் வைக்கலாம் என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லாதவரை அதைப் படியாகவே நடத்துங்கள். மேலும், ஸ்லைடர் உடலோடு ஒட்டி உயரமாக இருக்கும். ஏற உதவுவது சொற்பம்.

கதவைத் திறந்தால் இறங்கி, மூடினால் உள்ளே மடங்கும் மின்சாரப் படி அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 போன்ற வண்டிகளில் பரவலாகக் காணலாம். கிளியரன்ஸ் குறையாது, படியும் தாழ்வாக இறங்கும். இரண்டு ஆசையும் ஒரே பொருளில் நிறைவேறுகிறது. ஆனால் மோட்டாரும் இணைப்புக் கைகளும் இருப்பது சக்கரம் வாரியடிக்கும் சேற்றின் நேர்வழியில். களிமண் காய்ந்து இறுகும் ஊரில் அது பாதியில் நின்றுவிட்டால், தொங்கிய படியோடு வீடு திரும்ப வேண்டும். நகரத்திலேயே ஓடும் வண்டிக்குச் சரி. தோட்டத்துக்குப் போகும் வண்டிக்கு வேண்டாம்.

உலோகத்தை எடைபோட்டு வாங்குவது

கடையில் தகட்டின் தடிமனைக் கேஜ் கணக்கில் பேசுவார்கள். எண் கூடக்கூடத் தகடு மெலியும்: 14 கேஜ் என்றால் ஏறக்குறைய 2 மி.மீ., 16 கேஜ் 1.6, 18 கேஜ் 1.2. வாயால் சொல்லும் கேஜை நம்ப வேண்டியதில்லை. பட்டறைகளில் எல்லோரும் அறிந்த கணக்கு ஒன்று இருக்கிறது: குழாயின் வெளிவிட்டத்திலிருந்து தடிமனைக் கழித்து, அதைத் தடிமனால் பெருக்கி, 0.02466-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டர் இரும்புக் குழாயின் எடை கிலோவில் வரும். அளவுகள் மி.மீ.யில் இருக்க வேண்டும். மூன்று அங்குல, அதாவது 76 மி.மீ. குழாய் 2 மி.மீ. தடிமனில் மீட்டருக்கு ஏறத்தாழ 3.65 கிலோ. அதே குழாய் 1.2 மி.மீ. என்றால் 2.2 கிலோதான். 1.8 மீட்டர் நீளப் படியில் இந்த வித்தியாசம் 6.6 கிலோவுக்கும் 4 கிலோவுக்கும் இடையே. பிராக்கெட் இல்லாத வெறும் குழாயைக் கடைத் தராசில் வைத்தால் உண்மை வெளிவந்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் இதே கணக்குத்தான், ஓரிரு சதவீதம் கூடும். அலுமினியம் இதில் மூன்றில் ஒரு பங்கு எடை. அதனால் அதன் தடிமன் அதிகமாக இருக்க வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் என்றாலே துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. 304 ரகத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. நிக்கல் விலை அதிகம். அதைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்தவை 201, 202 ரகங்கள். புதிதாக இருக்கும்போது கண்ணால் வேறுபடுத்தவே முடியாது. தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ கடற்காற்றில் நிறுத்தினால் 202-இல் பழுப்புப் புள்ளிகள் முந்திக்கொண்டு வரும். காந்தம் வைத்துக் காட்டி, ஒட்டவில்லை பாருங்கள், இது 304 என்று சொல்வது கடைகளில் வழக்கம். அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. 202-உம் காந்தத்தில் ஒட்டாது. அசல் 304-கூட வளைத்த இடத்தில் லேசாக ஒட்டும். வலுவாக ஒட்டினால் அது வேறு ரகம் என்று மட்டும் தெரியும், அவ்வளவுதான். எஃகு வியாபாரிகளிடம் மாங்கனீசைக் காட்டும் சோதனைத் திரவம் இருக்கும். ஒரு சொட்டு விட்டால் 200 வரிசை நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். பில்லில் ரகத்தை எழுதித் தரச் சொல்வதும் நல்லது. எழுதத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

கறுப்புப் பவுடர் கோட்டிங் போட்ட சாதாரண இரும்புப் படி உள்நாட்டு ஊர்களுக்கு நன்றாகவே உழைக்கும். கோட்டிங் வெளிப்பக்கம் மட்டுமே. துரு தொடங்குவதோ குழாயின் உட்பக்கத்தில். முனை மூடிக்குள் புகும் நீர் வெளியேற அடியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்தக் குழாய் ஒரு தண்ணீர்த் தொட்டி. முன்சக்கரத்தை ஒட்டிய பகுதியில் கல் தெறித்துக் கோட்டிங் உரியும், அது தவிர்க்க முடியாதது. அங்கே தொட்டுத் தொட்டு வர்ணம் பூசிக்கொள்வதற்கு ஏற்றது கறுப்பு நிறம். பளபளக்கும் குரோம் முலாம் ஒரு முறை உரிந்தால் அதற்குப் பிறகு அதைக் காப்பாற்ற வழியில்லை.

பிராக்கெட்: இங்கேதான் பணம் போக வேண்டும்

80 கிலோ எடையுள்ள ஒருவர் படியின் வெளிவிளிம்பில் நிற்கிறார். அவர் நிற்கும் இடத்துக்கும் பிராக்கெட் வண்டியில் மாட்டிய இடத்துக்கும் 25 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூரம் நெம்புகோலாக வேலை செய்கிறது. பிராக்கெட்டின் இரண்டு போல்ட்டுகளுக்கும் இடையே மேலும் கீழுமாக 8 செ.மீ. இடைவெளி இருந்தால், மேல் போல்ட்டை இழுக்கும் விசை கிட்டத்தட்ட 250 கிலோ. இடைவெளி 4 செ.மீ. என்றால் அது 500 கிலோ ஆகிவிடும். ஒரே பிராக்கெட் முழு எடையையும் தாங்குவதாகப் போட்ட கணக்கு இது. மற்ற பிராக்கெட்டுகள் பங்கெடுத்துக்கொள்ளும். ஆனால் யாரும் படியில் மெதுவாக நிற்பதில்லை. துள்ளி ஏறுகிறார்கள், தொப்பென்று இறங்குகிறார்கள். அப்போது எடை இரட்டிக்கும்.

எனவே கடையில் குழாயைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு வரிசைக் கதவு உள்ள வண்டிக்குப் பக்கத்துக்கு மூன்று பிராக்கெட்டுகளாவது வேண்டும். இரண்டே பிராக்கெட் உள்ளவற்றில் நடுவில் கால் வைத்ததும் படி அமுங்கும். வெறும் பட்டை இரும்பை ‘ட’ வடிவில் மடித்தது பலவீனம். மடிப்பிலேயே விரிசல் விடும். மூலையில் முக்கோணத் தகடு வைத்துப் பற்றவைத்தது, அல்லது கீழிருந்து சாய்வாக இன்னொரு கை தாங்குவது நல்லது. வெல்டிங் தையல் இடைவெளியில்லாமல் ஓடியிருக்க வேண்டும். அங்கங்கே பொட்டு வைத்தாற்போல் இருந்தால் வேண்டாம். குழாய்க்கும் பிராக்கெட்டுக்கும் இடையே போல்ட் இணைப்பு இருப்பது நேரடி வெல்டிங்கைவிட வசதி. குழாய் அடிபட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பிராக்கெட் வண்டியில் எங்கே மாட்டுகிறது என்பது அடுத்தது. பிக்கப்பில் ஏணி வடிவச் சேஸி தனி. அதன் மீது ரப்பர் தாங்கிகளில் கேபின் உட்கார்ந்திருக்கிறது. சில படிகள் சேஸியில் மாட்டும், சில கேபினின் அடித்தகட்டில் கம்பெனியே விட்டுவைத்த நட்டுகளில் மாட்டும். இரண்டுமே சரிதான், தயாரிப்பாளர் அந்த இடத்துக்கென்று வடிவமைத்திருந்தால். ஒரு முனை சேஸியிலும் மறுமுனை கேபினிலுமாக இறுகக் கட்டியது தவறு. ஓடும்போது கேபினும் சேஸியும் தனித்தனியாக அசையும். நடுவில் கட்டுண்ட இரும்பு அந்த அசைவை எதிர்த்துக் கடைசியில் ஏதாவது ஒரு பக்கம் கிழிக்கும்.

சேஸியில் துளை போடுவதாகவோ பற்றவைப்பதாகவோ ஒரு பட்டறைக்காரர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வெல்டிங்கின் சூடு பட்ட இடத்தைச் சுற்றிச் சேஸி இரும்பின் குணம் மாறுகிறது, வாரண்டி கேள்விக்குள்ளாகிறது, உள்பக்கம் துரு குடியேறுகிறது. கம்பெனி விட்டுவைத்த துளைகளிலேயே மாட்டும் படி கிடைக்கும்போது இந்தச் சிரமம் எதற்கு? கோவைப் பக்கம் கைதேர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் நிறைய உண்டு. அவர்களிடம் செய்தாலும் இந்த நிபந்தனையைச் சொல்லியே செய்யச் சொல்லுங்கள்.

உங்கள் வண்டிக்கு உரியதுதானா?

பெயர் ஒன்றாக இருந்தால் படியும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். வி-கிராஸ் என்பது இசுசூ டி-மேக்ஸ் பிக்கப்பின் இந்திய வடிவம். புதிய தலைமுறை டி-மேக்ஸ் 2019-இல் தாய்லாந்தில் வெளிவந்தது. இந்தியாவில் 2021-இல் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு ஏற்ற எஞ்சினோடு வந்த வி-கிராஸோ முந்தைய தலைமுறை உடல்தான். தாய்லாந்திலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ ‘2021 டி-மேக்ஸ்’ என்று பார்த்துத் தருவித்த படி இங்கே துளைக்குத் துளை சேராது. தயாரிப்பு ஆண்டைவிடத் தலைமுறையைக் கேட்டு வாங்குங்கள். கேபின் வகையும் முக்கியம். ஒற்றைக் கேபின் படி இரட்டைக் கேபினுக்குக் குட்டை.

இடது, வலது பிராக்கெட்டுகள் பல வண்டிகளில் ஒன்றுபோல் இராது. ஒரு பக்கம் டீசல் டாங்க் இருக்கும், இன்னொரு பக்கம் சைலன்சர் குழாய். பி.எஸ்.6 டீசல் வண்டியில் புகைவடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் அந்தப் பகுதி கடுமையாகச் சூடேறும். பிராக்கெட்டோ பிளாஸ்டிக் மூடியோ அதற்கு ஒட்டி வரக் கூடாது. பெரிய டயர் போட்டிருந்தால் ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, படியின் முன்முனையில் உரசுமா என்றும் பார்த்துவிடுங்கள்.

சட்டமும் இன்சூரன்சும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றமே இங்கே குறிக்கப்படுகிறது. 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புச் சட்டங்களான கிராஷ் கார்டுகளை இந்தப் பிரிவுக்கு எதிரானவை என்று சொல்லி நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு எழுதியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறான மாற்றங்கள் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது.

கதவுக்கு அடியில் போல்ட்டில் மாட்டிக் கழற்றக்கூடிய படியைக் கிராஷ் கார்டோடு ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை. கம்பெனிகளே அதை உதிரிப் பொருளாக விற்கின்றன. வண்டியின் அகலத்தைத் தாண்டி நீளும் ஸ்லைடரும், சேஸியில் பற்றவைத்த இரும்பும் வேறு. அவை சோதனைச் சாவடியிலும், தகுதிச் சான்றுக்காக வண்டியைக் காட்டும் எஃப்.சி. நாளிலும் உங்களைப் பேச வைக்கும். டீலர் வழியாகக் கம்பெனியின் அசல் படியை வாங்கினால் கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது இந்த நிம்மதியும் வாரண்டிப் பாதுகாப்பும்தான். வெளியே வாங்கினால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது கூடுதல் பாகமாகச் சொல்லிப் பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்லாத பொருளுக்கு விபத்தின்போது இழப்பீடு கேட்பது வீண் வாக்குவாதம்.

மாட்டும் நாள்

இரண்டு பேர் இருந்தால் ஒரு காலைப் பொழுது போதும். அடியில் உள்ள துளைகளை முதலில் கழுவித் துடையுங்கள். பழைய படியைக் கழற்றுவதென்றால் முந்திய இரவே போல்ட்டுகளில் துரு நீக்கும் எண்ணெயை விட்டு வையுங்கள். பிறகு ஒரு பக்கத்தின் மூன்று பிராக்கெட்டுகளையும் கையால் மட்டும் திருகித் தொங்க விடுங்கள். எதையும் இறுக்காதீர்கள். படியை அவற்றின் மீது ஏற்றி, அதன் போல்ட்டுகளையும் கையால் போட்டபின், முன்னும் பின்னும் கதவு வாசலுக்கும் படிக்கும் இடையே உள்ள இடைவெளி ஒன்றாக இருக்கும்படி நகர்த்துங்கள். அதற்குப் பிறகே ஸ்பானர். முதல் பிராக்கெட்டை இறுக்கிவிட்டு மூன்றாவதைத் துளைக்குக் கொண்டுவர நெம்புகிறவர்களைப் பார்க்கலாம். அங்கே படி மாட்டிய நாளிலிருந்தே முறுக்கில் இருக்கும்.

8.8 என்று வலிமைத் தரம் குறித்த எம்8 (8 மி.மீ.) போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் அளவும் எம்10-க்கு (10 மி.மீ.) 50 அளவும் பொதுவான இறுக்கம். படியோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கேபின் தகட்டில் பதித்த நட்டுகளில் அளவுக்கு மீறினால் நட்டே சுழலத் தொடங்கிவிடும், பிறகு தகட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். நைலான் பூட்டு நட்டு அதிர்வில் கழலாது. அலுமினியப் படியும் இரும்புப் பிராக்கெட்டும் சந்திக்கும் இடத்தில் நைலான் வாஷர் வையுங்கள்; இரண்டு உலோகமும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரித்துப்போகும். பிரேக் குழாய், டீசல் குழாய், ஒயர் எதுவும் பிராக்கெட்டுக்குள் நசுங்கவில்லை என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

மாட்டியதும் வீட்டிலேயே கனமானவர் இரண்டு பிராக்கெட்டுகளுக்கு நடுவில் ஏறி நிற்கட்டும். நிற்பதற்கு முன்னும் நின்றபோதும் தரையிலிருந்து படியின் உயரத்தை அளக்க வேண்டாம். வண்டியே ஸ்பிரிங்கில் அமுங்கும். கதவு வாசலுக்கும் படிக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் படி மட்டும் எவ்வளவு வளைகிறது என்று தெரியும். இரண்டு மூன்று மி.மீ. இயல்பு. ஒரு செ.மீ. போனால் அன்றே கழற்றித் திருப்பிக் கொடுங்கள்.

அதற்குப் பிறகு

முதல் 500 கிலோமீட்டரில் எல்லாப் போல்ட்டுகளையும் மீண்டும் ஒரு முறை சரிபார்த்துவிட்டால், அடுத்தடுத்த சர்வீஸ்களில் பார்த்துக்கொண்டால் போதும். வண்டி கழுவும்போது படியின் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கத்துக்கும் பிராக்கெட் மூலைக்கும் தண்ணீர் அடியுங்கள். கடற்கரை ஊர்களில் வாரம் ஒரு முறையாவது நல்ல தண்ணீர் தேவை. போர் தண்ணீரே உப்பாக இருக்கும் தெருக்களில் அது பயன் தராது. ஸ்டெயின்லெஸ் படியில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் பாத்திரம் துலக்கும் இரும்பு நாரால் தேய்க்காதீர்கள். நாரின் இரும்புத் துணுக்குகள் அதில் ஒட்டிக்கொண்டு அவையே துருவாகும். பச்சை நைலான் நார் போதும். ரப்பர் பட்டையின் ஓரம் தூக்கத் தொடங்கினால் உடனே ஒட்டுங்கள் அல்லது மாற்றுங்கள்.

கழற்றிய பழைய படியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் போல்ட்டுகளையும் ஒரு பையில் கட்டி அதோடு சேர்த்துப் பரணில் வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குகிறவர் அசல் படியைக் கேட்பார். நீங்கள் தேடித்தேடி வாங்கிய புதுப் படி உங்கள் அடுத்த வண்டிக்குப் பொருந்தாவிட்டாலும் தனியாக நல்ல விலைக்குப் போகும்.